பாட்டுப் படம் பதித்த பழைய பிரெஞ்சுத் தட்டுகள்: புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் தட்டுத் தொழிற்சாலைகள், உணவின் முடிவில் பழமும் இனிப்பும் பரிமாறுவதற்கென்று, நடுவில் படமும் அதன் கீழே ஓரிரு வரி எழுத்தும் அச்சிட்ட தட்டுகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக வெளியிட்டன. போர்க்காட்சி, விடுகதை, நகரக் காட்சி, வேளாண் வேலை என்று அவற்றில் வராத பொருளே இல்லை எனலாம். அவற்றுள் நாட்டுப்பாடல்களைப் படமாக்கிய தட்டுகள் தனி வகை. விருந்தினர் ஒவ்வொருவர் கையிலும் பாட்டின் ஒரு துண்டு இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் படத்தைப் பார்ப்பார்கள், வரியைப் படிப்பார்கள், பக்கத்தில் இருப்பவர் தட்டையும் எட்டிப் பார்ப்பார்கள். இன்றும் இத்தட்டுகள் எளிதாகக் கிடைக்கின்றன, விலையும் பெரும்பாலும் கைக்கு எட்டுகிறது. ஆகவே பழம்பொருள் சேகரிப்பில் முதல் அடி வைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான துறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கையேடுகள் தொழிற்சாலையின் பெயரிலிருந்து தொடங்கச் சொல்லும். பாட்டிலிருந்து தொடங்குங்கள் என்பது என் கருத்து. தொழிற்சாலையைப் பின்தொடர்பவர் நூற்றுக்கணக்கான வரிசைகளுக்கு நடுவே திசை தெரியாமல் நிற்க நேரும். பாட்டைப் பின்தொடர்பவருக்கோ எது வேண்டும், எது வேண்டாம், எது குறைகிறது என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

இத்தட்டுகள் எப்படி வந்தன

இவை பெரும்பாலும் உயர்தரப் போர்சிலின் அல்ல. வெள்ளைக் களிமண்ணோடு அரைத்த தீக்கல் முதலியவற்றைச் சேர்த்துச் சுட்டு, மேலே கண்ணாடி போன்ற மெருகு பூசிய 'ஃபையான்ஸ் ஃபீன்' என்னும் வகை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் போர்சிலின் ஒளியைக் கசிய விடும், இது விடாது. இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய அச்சுமுறை பிரான்சில் 1808 வாக்கில் வேரூன்றியது. செதுக்கிய செப்புத்தகட்டைச் சூடாக்கி, உலோக ஆக்சைடு கலந்த எண்ணெய் மையைத் தடவி, மெல்லிய தாளில் அச்செடுத்து, அந்தத் தாள் ஈரமாக இருக்கும்போதே, முதல் சூளையில் சுட்டு எடுத்த தட்டின் மீது ஒட்டித் தேய்ப்பார்கள். பிறகு தாளை நீரில் கழுவி நீக்கி, மெருகு பூசி, மறுபடியும் சுடுவார்கள். படம் மெருகுக்கு அடியில் இருப்பதால்தான் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கழுவியும் அது அழியாமல் இருக்கிறது. கையால் வரைந்தால் பணக்காரர் மட்டுமே வாங்கக்கூடிய ஒரு பொருளை நடுத்தரக் குடும்பங்களின் அலமாரிக்குக் கொண்டுவந்தது இந்த முறைதான்.

பாடல்கள் தட்டில் ஏறியதற்கும் ஒரு காலச்சூழல் உண்டு. நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுக்கும் ஆர்வம் அந்நூற்றாண்டின் நடுவில் அரசு வரைக்கும் சென்றது. கல்வி அமைச்சர் இப்போலித் ஃபோர்த்தூலின் முயற்சியில் 1852-இல் நாடு முழுவதும் மக்கள் பாடல்களைத் திரட்ட அரசாணையே பிறந்தது. ஏப்பினால் நகரத்தில் 1796-இல் பெல்லரன் தொடங்கிய அச்சகம் அதே பாடல்களை மலிவான வண்ணப்படத் தாள்களாக ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்தது. தட்டுக்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. வாங்குபவருக்கு ஏற்கெனவே மனப்பாடமான பாடல்களைத்தான் பீங்கானுக்கு மாற்றினார்கள்.

முதல் வேலை: ஒரு பாட்டைத் தேர்ந்தெடுப்பது

பாட்டுத் தட்டுகளில் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்றில் பன்னிரண்டு தட்டுகளில் பன்னிரண்டு பாடல்கள் இருக்கும். மற்றொன்றில் ஒரே பாட்டு சரணம் சரணமாகப் பன்னிரண்டு தட்டுகளில் நகரும். முதல் வகையில் எந்தத் தட்டும் தனித்து நிற்கும், ஒன்று கிடைக்காவிட்டாலும் சேகரிப்பு ஊனமாகத் தோன்றாது. இரண்டாம் வகை கடினம். ஆனால் முழுமையடைந்தால் கிடைக்கும் நிறைவு வேறு. தொடக்கத்தில் முதல் வகையில் நான்கைந்து தட்டுகள் வாங்கிக் கை பழகிய பிறகு இரண்டாம் வகைக்குப் போவது நல்லது.

எந்தப் பாட்டு என்று கேட்டால், கதை உள்ள பாட்டையே சொல்வேன். 'மால்ப்ரூக் போருக்குப் போகிறான்' என்ற பாட்டு, 1709-இல் மால்ப்பிளாக்கே போர்க்களத்தில் இறந்துவிட்டதாகத் தவறாகப் பேசப்பட்ட ஆங்கிலத் தளபதி மார்ல்பரோ கோமகனைப் பற்றியது; மனைவி காத்திருப்பது, கோபுரத்தில் ஏறிப் பார்ப்பது, செய்தி வருவது, அடக்கம் நடப்பது என்று படத்துக்கு ஏற்ற காட்சிகள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. 'காதே ரூசெல்' 1792-ஐ ஒட்டிப் பரவிய கேலிப்பாட்டு. ஒசேர் நகரில் நீதிமன்ற அமீனாவாக இருந்த கீயோம் ரூசெல் என்ற உண்மை மனிதரை வைத்துக் கட்டியது. அவருடைய மூன்று வீடு, மூன்று சட்டை, மூன்று தொப்பி என்று எல்லாமே மும்மூன்றாக வரும் என்பதால் ஓவியர்களுக்குக் கொண்டாட்டம். காற்சட்டையை உள்வெளியாக மாட்டிக்கொண்ட 'தகோபேர் மன்னர்' குழந்தைகளுக்குப் பிடித்தது. 'அவிஞ்ஞோன் பாலத்தின் மேலே', 'நிலவொளியில்', 'மிஷேல் அம்மா' ஆகியவை ஏறக்குறைய எல்லா இடத்திலும் தென்படும்; அதனாலேயே மலிவானவை, பழகுவதற்கு ஏற்றவை.

நாட்டுப்பாடல் மட்டுமே வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். 'மழை பெய்கிறது, இடையர் பெண்ணே' என்ற பாட்டு ஊர்ப்பாட்டாகவே இன்று பாடப்பட்டாலும், அதன் வரிகள் ஃபாப்ர் தெக்லாந்தீன் 1780-இல் எழுதியவை. புரட்சிக்கால நாட்காட்டியின் மாதங்களுக்குப் பெயர் சூட்டி, 1794-இல் கில்லட்டினில் உயிர்விட்டவர் அவர்தான். இத்தகைய பாடல்களை ஒதுக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. மக்கள் தம்முடையதாக்கிக்கொண்ட பாட்டு நாட்டுப்பாட்டுதான். ஆனால் எந்த எல்லையை வைத்துக்கொள்வது என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தேர்ந்தெடுத்த பாட்டின் முழு வரிகளையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது மிக முக்கியம். பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் 'காலிக்கா' என்னும் இலவச மின்னூலகத்தில் பழைய பாட்டுத் தொகுப்புகள் படங்களோடு கிடைக்கின்றன. பிரெஞ்சு தெரியாதவர்களும் சரணங்களின் முதல் வரியைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ள முடியும்.

இரண்டாவது: தட்டின் முகத்தைப் படிப்பது

மால்ப்ரூக் வரிசைத் தட்டு ஒன்று இப்போது என் மேசைமேல் இருக்கிறது. குறுக்களவு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. நடுவில், உள்ளங்கை அகலத்துக்குள், கோபுரத்தின் அடியில் கறுப்பு உடை அணிந்த பணியாள் ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நிற்கிறான். மேலே சாளரத்தில் ஒரு பெண்ணின் முகம் மட்டும். அவன் கொண்டுவந்த செய்தி இன்னும் சொல்லப்படவில்லை என்பதை அந்தத் தொப்பியே சொல்லிவிடுகிறது. படத்தின் கீழே இரண்டு வரிப் பாட்டு, அதற்கும் கீழே, வரிசையில் அதன் இடத்தைக் காட்டும் கடுகளவு எண். விளிம்பில் கொடியும் பூவும். லூப் என்னும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் பணியாளின் அங்கி முழுவதும் நெருக்கமான குறுக்குக் கோடுகளால் ஆனது என்பதும், முகத்தின் நிழல் மட்டும் சிறுசிறு புள்ளிகளால் ஆனது என்பதும் தெரியும். செப்புத்தகட்டில் உளி பிடித்தவரின் கைவேலை அது.

இதே மாதிரி ஒவ்வொரு தட்டிலும் நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: படம், பாட்டு வரி, எண், விளிம்பு அலங்காரம். வரிசை சேர்ப்பவர்களுக்கு விளிம்பு மிக முக்கியம். ஒரே படத்தை ஒரே தொழிற்சாலை வெவ்வேறு விளிம்புகளோடும் கறுப்பு, பழுப்பு, நீலம் என வெவ்வேறு மையிலும் வெளியிட்டதுண்டு. எண் பொருந்துகிறது என்பதற்காக வாங்கி வந்த தட்டு, வீட்டில் மற்றவற்றோடு வைத்துப் பார்க்கும்போது அந்நியமாகத் தெரியலாம். பாட்டுக்கும் பல பாடபேதங்கள் இருப்பதால், ஒரு தொழிற்சாலையின் ஆறாம் எண்ணில் வரும் காட்சி இன்னொன்றின் ஆறாம் எண்ணில் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சில தட்டுகளில் விளிம்பைச் சுற்றியோ படத்துக்கு அருகிலோ பாட்டின் மெட்டே இசைக்குறிப்பாக அச்சிடப்பட்டிருக்கும். அவை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இசை தெரிந்த நண்பரிடம் கொடுத்தால் தட்டைப் பார்த்தே வாசித்துக் காட்டிவிடுவார்.

மூன்றாவது: தட்டைத் திருப்பிப் பார்ப்பது

பின்புறத்தில் இரண்டு வகை முத்திரைகள் இருக்கலாம். ஈரக் களிமண்ணில் அழுத்திப் பதித்தது ஒன்று. மையால் அச்சிட்டது மற்றொன்று. அழுத்திய முத்திரை மெருகு நிரம்பி மங்கிப்போயிருக்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் எழுத்து எழுந்து தெரியும்.

அடிக்கடி எதிர்ப்படும் பெயர்கள் சிலவே. பாரிசுக்கு வடக்கே உள்ள க்ரேயும் தென்கிழக்கே உள்ள மோந்த்ரோவும் 1840-இல் ஒரே நிறுவனமாயின. இரண்டு ஊர்ப் பெயரும் சேர்ந்து வந்தால் தட்டு அதற்குப் பிற்பட்டது, 'எல்.எம். & சி' என்ற எழுத்துகள் இருந்தால் லெபெஃப், மில்லியே ஆகியோரின் நிர்வாகக் காலமான 1840 முதல் 1876 வரைக்குள் அடங்கும். க்ரேய் ஆலை 1895-இல் மூடப்பட்டது. ஷ்வாசி-லெ-ருவா ஊரில் இப்போலித் பூலாஞ்ஜேயின் ஆலை 'எச்.பி.' எழுத்துகளைப் பயன்படுத்தியது. 1920-இல் அது க்ரேய்-மோந்த்ரோ நிறுவனத்தோடு இணைந்ததால் 'எச்.பி.சி.எம்.' என்று கண்டால் இருபதாம் நூற்றாண்டுத் தட்டு என்று முடிவு செய்துவிடலாம். லொரேன் பகுதியின் சார்கெமீன் ஆலை உட்ஷ்னைடர் குடும்பப் பெயரால் 'யூ & சி' என்று குறித்தது. 1871-இல் அந்த ஊர் ஜெர்மனியின் கைக்குப் போனபோது, பிரெஞ்சுச் சந்தையை இழக்காமலிருக்க உரிமையாளர்கள் எல்லைக்கு இப்பால் திக்வான் ஊரில் ஆலை எழுப்பினார்கள். எனவே திக்வானும் சார்கெமீனும் சேர்ந்து வரும் முத்திரை 1871-க்குப் பிந்தியது. ழியேன் ஆலை 1821-இல் ஓர் ஆங்கிலேயர் நிறுவியது, இன்றும் இயங்குகிறது. போர்தோவில் வியெய்யார் 1895 வரை நடத்திய ஆலை, லூனேவீலின் கெல்லேர்-கெரான் ஆலை ஆகியவற்றையும் அறிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

'ஃப்ரான்ஸ்' என்ற நாட்டுப் பெயர் முத்திரையில் இருந்தால், அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்த பிறகு செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அச்சட்டம் இறக்குமதிப் பொருள் ஒவ்வொன்றிலும் பிறந்த நாட்டின் பெயரைக் கேட்டது. நாட்டுப் பெயர் இல்லை என்பதால் மட்டும் பழையது என்று கொள்ள முடியாது, உள்நாட்டில் விற்றதற்கு அது தேவைப்படவில்லை. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு ஏற்றது என்ற குறிப்பு இருந்தால் பேச்சே வேண்டாம், புதியது.

முத்திரையே இல்லாத தட்டையும் ஒதுக்க வேண்டியதில்லை. சூளையில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க முக்காலி போன்ற தாங்கிகளை இடையில் வைப்பார்கள். அவற்றின் மூன்று புள்ளித் தழும்புகள் பின்புறம் தெரியும். விளிம்பு அலங்காரம் ஓரிடத்தில் சரியாகப் பொருந்தாமல் வெட்டுப்பட்டிருந்தால் அது தாளை ஒட்டிய கையின் தடயம். படத்தில் ஒரு மெல்லிய மடிப்புக் கோடு இருந்தால் ஈரத்தாள் சுருங்கிய இடம். இவை எல்லாம் குறைகளாகத் தோன்றினாலும், எனக்கு இவைதான் முதல் நம்பிக்கையைத் தருகின்றன. மறுபதிப்புகளில் லூப் வழியே ஒரே சீரான நுண்புள்ளி வலை தெரியும், செய்தித்தாள் படத்தில் தெரிவது போல. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த பல வண்ணக் கல்லச்சுத் தட்டுகளிலும் புள்ளிகள் உண்டு. அவை ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும் என்பதே வேறுபாடு.

நான்காவது: உடல்நிலை

தட்டை விரல் நுனியில் தாங்கி, நகத்தால் மெதுவாகத் தட்டுங்கள். தெளிவான ஓசை வந்தால் நலம். செத்த ஓசை வந்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. பிறகு விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள், கண் தவறவிட்ட சில்லு பெயர்ச்சியை விரல் காட்டிக்கொடுக்கும். புற ஊதா டார்ச் ஒன்று வைத்திருந்தால், பசை போட்டு ஒட்டி மேலே வண்ணம் பூசிய பழுது வேறு நிறத்தில் ஒளிரும்.

மெருகின் மேல் சிலந்திவலை போலப் பரவும் மயிரிழை விரிசல் இவ்வகைத் தட்டுக்கு இயல்பானது; உடலும் மெருகும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவது அது. அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். அந்த விரிசல் வழியே எண்ணெய் இறங்கிப் பழுப்புக் கறையாகப் படிந்திருந்தால் விலையில் குறைத்துக் கேளுங்கள். படத்தையோ எழுத்தையோ குறுக்கே வெட்டும் வெடிப்பு இருந்தால், மிக அரிய எண்ணாக இருந்தால் ஒழிய, வாங்காதீர்கள். எழுத்து தேய்ந்த தட்டையும் தவிர்ப்பேன்; பாட்டு படிக்க முடியாத பாட்டுத் தட்டு எனக்குப் பாதித் தட்டுதான்.

ஐந்தாவது: எங்கே வாங்குவது, என்ன விலை

பிரான்சில் வசிப்பவர்களுக்கு வழி எளிது. இளவேனில் முதல் இலையுதிர் காலம் வரை ஞாயிறுதோறும் ஊர்த் தெருக்களில் நடக்கும் 'வீத்-க்ரெனியே' எனப்படும் வீட்டுப் பழம்பொருள் விற்பனை, எம்மாவூஸ் அறக்கட்டளைக் கடைகள், பாரிசின் வான்வ் சந்தை, சேந்த்-துவான் சந்தை, செப்டம்பர் தொடக்கத்தில் லீல் நகரில் நடக்கும் பெருஞ்சந்தை ஆகியவற்றில் அடுக்கடுக்காகக் கிடைக்கும். பாரிசின் லா ஷப்பேல் தமிழ்க் கடைத்தெருவுக்கு அடிக்கடி போகும் நம்மவர்களுக்குச் சேந்த்-துவான் சிறு தொலைவுதான். சேந்த்-துவானில் அழகும் அதிகம், விலையும் அதிகம். பழகும் காலத்தில் அங்கே பார்த்துக் கற்றுக்கொண்டு, ஊர்ச் சந்தையில் வாங்குவதே சிக்கனம்.

சாதாரணத் தனித் தட்டு சந்தையில் சில யூரோவுக்கே கிடைத்துவிடும். தெளிந்த அச்சும் நல்ல உடலும் உள்ள பழைய கறுப்பு மைத் தட்டுக்குக் கூடுதலாகத் தர வேண்டியிருக்கும். ஒரே விளிம்பும் ஒரே மையும் கொண்ட முழுப் பன்னிரண்டுக்கு, தனித்தனி விலைகளின் கூட்டுத்தொகையைவிட அதிகம் கேட்பார்கள், அது நியாயமும்கூட. ஏலத்தில் எடுப்பவர்கள், விழும் விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணமும் அஞ்சல் செலவும் சேரும் என்பதைக் கணக்கில் கொண்டே தம் உச்ச விலையை முடிவு செய்ய வேண்டும்.

இணையத்தில் தேடுபவர்கள் 'அசியெத் பார்லாந்த்' (பேசும் தட்டு) என்ற சொல்லோடு பாட்டின் பிரெஞ்சுப் பெயரையும் சேர்த்துத் தேடினால் பயன் அதிகம். விற்பவர் குறிப்பில் 'ஃபெல்' என்றால் வெடிப்பு, 'எக்ரெனூர்' என்றால் விளிம்பில் சிறு சில்லு, 'எக்லா' என்றால் பெரிய சில்லு. பின்புறப் படமும் விளிம்பின் நெருக்கப் படமும் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். பொதி கட்டும் முறையையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்: தட்டுகளைத் தனித்தனியே குமிழித் தாளில் சுற்றி, படுக்க வைக்காமல் விளிம்பில் நிற்க வைத்து, பெட்டிக்குள் பெட்டியாக அனுப்ப வேண்டும். படுக்கையாக அடுக்கினால் மேலுள்ள பாரம் அடியிலுள்ளதை உடைக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீரும் துளி சோப்பும் போதும். தட்டு ஒன்றன்பின் ஒன்றாக இறங்க வேண்டும். குளோரின் கலந்த வெளுப்பான்களைத் தொடவே கூடாது. அவை விரிசல் வழியே உள்ளே சென்று உப்பாக உறைந்து, பின்னாளில் மெருகைச் செதிலாகப் பெயர்த்துவிடும். பழுப்புக் கறைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த பஞ்சை வைத்துப் பார்க்கலாம்; பொன் கோடு உள்ளவை, மெருகுக்கு மேல் வண்ணம் தீட்டியவை, பழுது பார்த்தவை ஆகியவற்றுக்கு இது ஆகாது. பிறகு நன்னீரில் பலமுறை அலசி, நிழலில் பல நாள் உலர விடுங்கள். அவசரப்பட்டு அடுப்பிலோ வெயிலிலோ வைக்காதீர்கள்.

இவற்றில் உணவு பரிமாற வேண்டாம் என்பது என் உறுதியான அறிவுரை. அக்கால மெருகில் ஈயம் இருந்தது. எலுமிச்சை, புளி, தக்காளி போன்ற புளிப்பு அதைக் கரைக்கும்.

சுவரில் மாட்டும்போது வில்கம்பி இழுத்துப் பிடிக்கும் மாட்டிகளைத் தவிர்ப்பது நல்லது; அவற்றின் இழுவை ஏற்கெனவே இருக்கும் வெடிப்பை நீளச் செய்யும். ரப்பர் உறையிட்ட கொக்கிகளோ, முன்விளிம்புத் தடுப்புள்ள மர அலமாரிப் பலகையோ பாதுகாப்பானவை. அடுக்கி வைப்பதானால் ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் கம்பளித் துணியோ தடித்த தாளோ வையுங்கள், ஓர் அடுக்கில் ஆறுக்கு மேல் போகாதீர்கள்.

கடைசியாக ஒரு குறிப்பேடு வேண்டும். தட்டு ஒவ்வொன்றுக்கும் பாட்டு, எண், தட்டிலுள்ள வரி, விளிம்பு, மை நிறம், முத்திரை, குறுக்களவு, வாங்கிய இடம், விலை, குறைபாடு ஆகியவற்றை முன்பின் படங்களோடு பதிந்துவையுங்கள். இல்லாத எண்களின் பட்டியலைத் தனித்தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டால், சந்தையில் நினைவை நம்பி ஒரே எண்ணை மறுபடி வாங்க நேராது. பழக்கமான வியாபாரிகளிடமும் அந்தப் பட்டியலின் நகலைக் கொடுத்துவையுங்கள். சார்கெமீன், ழியேன் ஆகிய ஊர்களின் பீங்கான் அருங்காட்சியகங்களுக்குச் செல்ல வாய்ப்புக் கிடைத்தால், குறிப்பேட்டையும் கையோடு எடுத்துச் சென்று உங்கள் தட்டின் முத்திரையையும் விளிம்பையும் அங்குள்ளவற்றோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.